ஒரு மாடி மேலே

பொன்செல்வி ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்த அன்று கற்றுக்கொண்ட முதல் பாடம், பாட்டிலில் இருப்பது யாருடைய மூத்திரம் என்பதை லேப் வாசல் வரைக்கும் மறக்கக் கூடாது என்பதுதான். சொல்லிக் கொடுத்தவள் தாசம்மாள். அவளே சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

"வழியில ஆரோடயும் வர்த்தமானம் பேசி நிக்காத பிள்ளே. போன வாரம் நான் நின்னேன். ஒரு ஆம்பளைக்குக் கர்ப்பம்னு எழுதி வந்திட்டு."

அது நிஜமா பொய்யா என்று பொன்செல்விக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து இரண்டு பேரும் சிநேகிதிகள்.

திருவனந்தபுரத்தில் கைதமுக்குக்கு அந்தப்பக்கம், ஒரு டாக்டர் குடும்பம் நடத்திவந்த ஆஸ்பத்திரி அது. தொண்ணூற்றாறாம் வருஷம். பொன்செல்விக்கு இருபத்தொரு வயது. அப்பா வன்னியபெருமாள் பணகுடியிலிருந்து பிழைக்க வந்து, சாலை பஜாரில் ஒரு பாத்திரக் கடையில் நின்றவர். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் அட்டக்குளங்கரைப் பக்கம். தமிழ்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பும், பிறகு டியூட்டோரியலில் தட்டுத்தடுமாறி பிரீடிகிரியும் படித்து முடித்து, நர்ஸிங் அசிஸ்டென்ட் என்ற பெயரில் சேர்ந்தாள். பெயர்தான் அப்படி. நோயாளிக்கு பெட்பேன் வைக்கவும், உடம்பு துடைத்துவிடவும், ஸ்ட்ரெச்சர் தள்ளவும், ரத்தம் பட்ட விரிப்புகளை மூட்டை கட்டவும் ஆள் வேண்டுமில்லையா, அதுதான் வேலை.

தாசம்மாள் பாறசாலைக்குத் தெற்கே, எல்லையை ஒட்டிய ஊர்க்காரி. மலையாளமும் தமிழும் அவள் வாயில் கஞ்சியும் பயறும் மாதிரிக் கலந்தே வரும். இருவருக்கும் ஒரே வயது. சமையல்கட்டுக்குப் பின்னால் அசிஸ்டென்ட்களுக்கென்று இருந்த அறையில் பக்கத்துப் பக்கத்துப் பாய். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் தாசம்மாள் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கொண்டுவருவாள். ஒரே தட்டில் போட்டு இருவரும் தின்பார்கள். ஒருத்தி தெர்மாமீட்டரை உடைத்தால் மற்றவள், "பூனை தட்டிவிட்டது" என்பாள். மேட்ரன் ஏலியாம்மா, "இந்த ஆஸ்பத்திரியில் பூனைக்கும் காய்ச்சல் பார்க்கிறீர்களா?" என்று கேட்டபோதும் இருவரும் அந்தப் பூனையை விட்டுக்கொடுக்கவில்லை.

அப்படி மூன்று வருஷம் போனது. பிறகு ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு நர்ஸிங் ஸ்கூல் தொடங்கினார்கள். பின்கட்டிடத்தின் மேல்மாடியில் வகுப்பும் ஹாஸ்டலும். மேட்ரன் அசிஸ்டென்ட்களை எல்லாம் கூப்பிட்டு நிற்கவைத்து, பிரீடிகிரி பாஸானவர் யாராவது இருந்தால் ஒரு இடம் தரலாம், ஃபீஸ் வேண்டாம், அதற்குப் பதில் வகுப்பு இல்லாத நேரத்தில் பழைய வேலையைச் செய்ய வேண்டும் என்றார்.

தாசம்மாள் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவள். அவள் பொன்செல்வியின் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினாள். தள்ளிய வேகத்தில் பொன்செல்வி மேட்ரனுக்கு எதிரில் போய் நின்றாள்.

வீட்டில் சொன்னபோது வன்னியபெருமாள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி யோசித்தார்.

"மூணர வருசமா? படிச்சு முடிக்கையில உனக்கு என்ன வயசு இருக்கும்ளா?"

"படிக்காட்டாலும் அந்த வயசு வரத்தானப்பா செய்யும்."

அவர் சிரித்துவிட்டார். அம்மா செண்பகவல்லிதான் சிரிக்கவில்லை. "பேசுத பேச்சப் பாரு. இவளுக்கு எவன் வருவான்" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

மாணவிகள் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும் என்பது விதி. பொன்செல்வி தன் பாயையும் டிரங்குப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஒரு மாடி ஏறினாள். பெட்டியின் ஒரு காதைத் தாசம்மாள் பிடித்துக்கொண்டாள். மேலே கட்டில், மெத்தை, சுவரில் கண்ணாடி எல்லாம் இருந்தன. தாசம்மாள் மெத்தையை அமுக்கிப் பார்த்தாள்.

"கொள்ளாம். நடு ஒடியாது" என்று தன் இடுப்பைத் தட்டிக்காட்டிச் சொல்லிவிட்டு, படியில் செருப்புச் சத்தம் கேட்க இறங்கிப் போனாள்.

மேலே இருந்தவர்கள் எல்லாரும் பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள். கோட்டயம், பத்தனம்திட்டா, கொட்டாரக்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். படிப்பை முடித்தால் சவுதி, அதற்குப் பிறகு அமெரிக்கா என்று வீட்டிலேயே வழி போட்டுக் கொடுத்திருந்தார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. பொன்செல்வியைச் 'சேச்சி' என்றுதான் கூப்பிட்டார்கள். அதுதான் தொல்லையாகப் போயிற்று. அக்காவுக்கு எதிரில் யாராவது பையன்களைப் பற்றிப் பேசுவார்களா, சினிமாப் பாட்டுப் பாடுவார்களா? அவள் அறைக்குள் வந்ததும் சிரிப்பு கொஞ்சம் தணியும். பிறகு மரியாதையாக ஒதுங்கி இடம் கொடுப்பார்கள். அந்த இடத்தில் அவள் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

காலையில் நீலக் கட்டம் போட்ட மாணவி உடுப்பு. மத்தியானத்துக்குப் பிறகு அசிஸ்டென்ட்களின் பச்சை உடுப்பு. காலையில் அவளை 'சிஸ்டர்' என்று கூப்பிட்டு நாடித்துடிப்பு பார்க்கக் கையை நீட்டிய நோயாளி, சாயங்காலம் அவளே பெட்பேனோடு வருவதைப் பார்த்துத் திகைப்பார். சிலர் அதற்குப் பிறகு காலையிலும் சிஸ்டர் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

படிப்பும் லேசில் வசப்படவில்லை. நோயாளியை வலிக்காமல் புரட்டிப் படுக்கவைக்க அவள் கைக்குத் தெரியும். அதே காரியத்தை இங்கிலீஷில் எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். எலும்புகளின் பெயர்கள் அவளுக்கு ஊர் பேர் தெரியாத ஸ்டேஷன்கள் மாதிரி வந்து வந்து போயின. முதல் வருஷத்துப் பரீட்சையில் அனாடமியில் தோற்றாள். வகுப்பில் தோற்றது அவள் ஒருத்திதான். சின்னப் பிள்ளைகள் அவள் அழுவாளோ என்று பயந்து, அன்று முழுக்க அவளிடம் பேசாமல் இருந்தார்கள்.

தாசம்மாள் பயப்படவில்லை. துணிகள் அடுக்கிவைக்கும் அறைக்கு அவளை இழுத்துக்கொண்டு போய், விரிப்புகள் மேல் உட்காரவைத்து, "இங்க இருந்து படி. உனக்க வேலைய நான் பாக்கேன். பெட்பேன் ஒண்ணும் ஓடிப் போவாது" என்றாள். வாரக்கணக்கில் இரண்டு பேர் வேலையையும் அவளே செய்தாள். பொன்செல்வி சோப்பு வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து எலும்புகளை மனப்பாடம் செய்தாள். எப்போதாவது தாசம்மாள் கதவைத் திறந்து தலையை நீட்டி, தன் முட்டியைத் தட்டி, "இதுக்குப் பேரு?" என்று கேட்பாள். சொன்னால், "ஓ, எனக்க முட்டுக்கு இங்கிலீஷ் பேரா!" என்று ஆச்சரியப்பட்டுவிட்டுப் போவாள். இரண்டாம் தடவை எழுதியபோது பொன்செல்வி தேறினாள்.

இரண்டாம் வருஷம் ஆண்கள் சர்ஜரி வார்டில் பயிற்சி. அங்கேதான் உச்சிமாகாளியைப் பார்த்தாள்.

கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் பெரிய பெரிய கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். சங்கரன்கோவில் பக்கத்து ஆள் அவன், கம்பி கட்டுகிறவன். இரும்புச் சட்டம் சரிந்து இடது கால் நசுங்கிக் கொண்டுவந்து போட்டார்கள். முப்பது வயது இருக்கும். மலையாளத்தில் அண்ணனுக்கு 'சேட்டா', தண்ணீருக்கு 'வெள்ளம்' என்ற இரண்டு வார்த்தைகள்தான் அவனுக்குத் தெரியும். பொன்செல்வி முதல் நாள் அவனிடம், "எந்த ஊருண்ணே?" என்று கேட்டபோது அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் பேச்சில் அவள் அப்பாவின் பேச்சு கேட்டது. காலையும் சாயங்காலமும் அவள் வரும் வழியையே பார்த்துக் கிடப்பான். "தாயி, நீ சொல்லு. கால் கூடிரும்லா?" என்பான்.

"டாக்டர்மாரு பாத்துக்கிட்டுத்தான இருக்காவ. தைரியமா இருங்க" என்பாள் அவள். வீட்டில் பேசும் தமிழ் ஆஸ்பத்திரிக்குள் அவள் வாயில் வந்தது அவனிடம் மட்டும்தான்.

கால் கூடவில்லை. விரல்கள் கறுத்தன. கறுப்பு மேலே ஏறியது. ஒரு நாள் காலை ரவுண்ட்ஸில் எலும்பு டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். மூக்கைச் சுளிக்காமல் பார்த்தார். முட்டிக்குக் கீழே எடுத்தாக வேண்டும், தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்று உடன் வந்த நர்ஸிடம் மலையாளத்தில் சொன்னார். பிறகு சுற்றிப் பார்த்து, தமிழ் தெரிந்த பெண் எங்கே என்று கேட்டார்.

"தமிழ் அறியாவுந்ந குட்டி எவிடெ?"

எல்லாரும் பொன்செல்வியைப் பார்த்தார்கள்.

"பறஞ்ஞு மனஸிலாக்கிக் கொடுக்கு" என்று, சொல்லிப் புரியவைக்கும் பொறுப்பை அவளிடம் விட்டுவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

எப்படிச் சொல்வது என்று எந்தப் பாடத்திலும் அவளுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. உச்சிமாகாளி அவள் முகத்தையே பார்த்தான். டாக்டர் பேசியதில் ஒரு வார்த்தையும் அவனுக்குப் புரியவில்லை. அதனால் அவன் முகத்தில் இன்னும் நம்பிக்கை இருந்தது. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, கால்ல ரத்தம் ஓடல. கறுத்த இடம் இனிப் பொழைக்காது. முட்டிக்குக் கீழ எடுத்தாத்தான் உங்க உசிரு நிக்கும்னு டாக்டர் சொல்லுதாரு."

அவனுக்குக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. பிறகு, "எடுக்கன்னா?" என்றான்.

"வெட்டி எடுக்கணும்ணே."

"வேற வழி கெடையாதா? நீ கேளு தாயி. நல்லாக் கேட்டுச் சொல்லு."

அவள் போய்க் கேட்டாள். டாக்டர் வேறு ஒருவரின் வயிற்றில் கையை வைத்தபடியே இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் திரும்பி வந்தாள். அந்தக் கட்டிலுக்கும் இந்தக் கட்டிலுக்கும் நடுவில் இருந்த தூரம்தான் அவள் வாழ்க்கையிலேயே நடந்த நீளமான தூரம் என்று பின்னாளில் நினைத்துக்கொள்வாள்.

"இல்லண்ணே."

உச்சிமாகாளி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்து, வலி கொஞ்சம் அடங்கிய பிறகும் அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. கட்டு மாற்ற டிராலியைத் தள்ளிக்கொண்டு அவள் போனால் கண்ணை மூடிக்கொள்வான். ஒரு நாள், "அந்தத் தமிழ்ப் பிள்ளை வேண்டாம், வேற யாராவது வரட்டும்" என்று உரக்கச் சொல்லிவிட்டான். வார்டில் மற்ற யாருக்கும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. அப்போது பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த தாசம்மாளுக்கும் புரிந்தது.

அதிலிருந்து அவனுக்கு உடம்பு துடைத்துவிடுவதும் சோறு கொடுப்பதும் தாசம்மாள்தான். அவளிடம் அவன் பேசினான். தன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னான். ஒருமுறை அவன் சிரித்ததுகூடத் தள்ளி நின்ற பொன்செல்விக்குக் கேட்டது.

"நான் என்ன தப்புச் செஞ்சேன், தாசம்மா?"

"தப்பொண்ணும் இல்ல பிள்ளே. உன்னக் காணும்போ அந்த வார்த்தை பின்னயும் காதில கேக்குதாம். டாக்டரு சொன்னது அவனுக்கு மனசிலாகல்லல்லோ. அவனுக்கு, காலை வெட்டினது நீயாக்கும்."

தாசம்மாள் ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று ராத்திரி மேல்மாடிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் குசுகுசுவென்று பேசுவதைக் கேட்டபடி, தன் அப்பாவின் பேச்சைப் பேசிய ஒரே மனிதன் தன் குரலைக் கேட்கவே விரும்பவில்லை என்பதைப் பொன்செல்வி நினைத்து நினைத்துப் பார்த்தாள். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் அவளுக்கே சின்ன விஷயமாகத் தெரிந்துவிடும்.

அவன் வீடு போன நாளில் ஊரிலிருந்து தம்பி வந்திருந்தான். வாசலில் ஆட்டோ நின்றது. தம்பி அவனைத் தூக்கி உட்காரவைக்கும்போது, கையிலிருந்த ஊன்றுகட்டைகளை யாரிடமாவது கொடுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் பொன்செல்விதான் நின்றாள். உச்சிமாகாளி அவளைப் பார்க்காமல் நீட்டினான். அவள் வாங்கி, உள்ளே சரிவாகச் சாய்த்து வைத்தாள். ஆட்டோ போய்விட்டது.

இரண்டாயிரத்து மூன்றில் பொன்செல்வி பாஸானாள். கூடப் படித்த பிள்ளைகள் ஒவ்வொருவராக டெல்லிக்கும் பம்பாய்க்கும் அனுபவம் சேர்க்கப் போனார்கள். மேட்ரன் அவளை அங்கேயே ஸ்டாஃப் நர்ஸாக வைத்துக்கொண்டார். வெள்ளை உடுப்போடு வீட்டுக்குப் போய் நின்றபோது வன்னியபெருமாள் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கடைத் தெருவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய், வேலையே இல்லாமல் பாத்திரக் கடை வாசலில் நிறுத்திவைத்தார். முதலாளி எட்டிப் பார்த்து, "யாருவே இது, ஒம்ம மகளா?" என்று கேட்டதும்தான் வீட்டுக்குத் திரும்பினார்.

அம்மா சொன்னதும் நடந்தது. பணகுடியிலிருந்து இரண்டு இடம் வந்து பார்த்தார்கள். ஒருவர் ராத்திரி வேலை உண்டா என்று கேட்டார். இன்னொருவருடைய அம்மா, ஆம்பளை நோயாளிகளுக்கும் இவள்தான் பார்க்க வேண்டுமா என்று கேட்டாள். "ஆமா" என்றாள் பொன்செல்வி. காப்பி குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு செண்பகவல்லி அந்தப் பேச்சை எடுப்பதை மெல்ல மெல்ல விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு மூன்று இடம் இருந்தது. டாக்டர்களுக்கு ஒரு அறை, நர்ஸ்களுக்கு ஒரு அறை, சமையல்கட்டுக்குப் பின்னால் ஷெட்டில் மற்றவர்களுக்கு. அங்கே போகக் கூடாது, இங்கே வரக் கூடாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. முதல் வாரம் பொன்செல்வி தட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தாசம்மாளும் எழுந்து நின்றாள்.

"இரி தாசம்மா. நீயும் என்ன..."

"இல்ல சிஸ்டரே, எனக்குத் தின்னு கழிஞ்சு" என்று பாதிச் சோற்றோடு தாசம்மாள் கை கழுவப் போனாள்.

அடுத்த நாளிலிருந்து பொன்செல்வி நர்ஸ்கள் அறையில் சாப்பிட்டாள். அங்கே அவர்கள் தங்கள் பள்ளிக்கூடத்துக் கதைகளையும் விசாவையும் பேசிக்கொண்டிருப்பார்கள். பழைய நர்ஸ்களில் பலர் ஒரு காலத்தில் அவளை, "ஏய், அந்த பேசினை எடு" என்று ஏவியவர்கள்தான். இப்போது அவளை எப்படிக் கூப்பிடுவது என்று அவர்களுக்கும் சங்கடம். அதனால் கூப்பிடாமலேயே இருந்தார்கள்.

தாசம்மாளிடம் ஒருமுறை தனியாகக் கேட்டாள். "நீயாவது என்னப் பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாதா?"

"வார்டில ஆளுங்க கேப்பாங்க."

"வார்டுக்கு வெளிய?"

தாசம்மாள் யோசித்தாள். "வார்டுக்கு வெளிய நாம எங்க காணுதோம்?" என்றாள்.

ஆறு மாதம் கழிந்திருக்கும். அந்த வாரம் சர்ஜரி வார்டு பொன்செல்வியின் பொறுப்பு. குடல் ஆபரேஷன் முடிந்த ஒரு வயசாளி. வாய்வழி ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொன்செல்வி அதைத் தாசம்மாளிடம் சொன்னாள். சொன்னதோடு கட்டில் தலைமாட்டில் அட்டையும் தொங்கவிட்டாள்.

மத்தியானம் அந்தக் கிழவர் தண்ணீர் தண்ணீர் என்று அழுதிருக்கிறார். சின்னக் குழந்தை மாதிரி தாசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் கஞ்சித் தண்ணீரை ஸ்பூனால் ஊட்டினாள். ஒரு ஸ்பூன் போய் அரை டம்ளர் ஆனது. சாயங்காலம் அவருக்கு வாந்தி வந்து, அது மூச்சுக்குழலில் ஏறி, முகம் நீலம் பாய்ந்துவிட்டது. பொன்செல்வி ஓடிப்போய் உறிஞ்சு குழாயை வாயில் விட்டு எடுத்தாள். டாக்டர் வந்தார். கிழவரை ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சில நாள் போராட்டத்துக்குப் பிறகு அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அது அப்போது யாருக்குத் தெரியும்?

மேட்ரன் இருவரையும் தன் அறையில் நிற்கவைத்தார். கிழவரின் மகன் வெளியே சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

"யார் கொடுத்தது? சொல்லிவைத்திருந்தாயா, இல்லையா?" என்று பொன்செல்வியிடம் மலையாளத்தில் கேட்டார்.

தாசம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பழைய பூனை அந்த அறைக்குள் எங்கேயோ இருந்தது. சொல்ல மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி பாதியாகிவிடும். பொன்செல்விக்கு அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. கூடவே, நீலம் பாய்ந்த அந்த முகமும் வந்தது.

"சொல்லியிருந்தேன். அவள்தான் கொடுத்தாள்" என்றாள்.

மறுநாளே தாசம்மாளை வார்டிலிருந்து எடுத்து அலக்குப் புரைக்கு, துணி வெளுக்கும் இடத்துக்கு, மாற்றினார்கள். பொன்செல்வி அவளைத் தேடிப் போனாள். கொதிக்கும் தொட்டியில் கம்பால் விரிப்புகளை முக்கிக்கொண்டிருந்தாள் தாசம்மாள். நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்தாள்.

"என்ன வெறுத்திட்டியா?" என்று கேட்டாள் பொன்செல்வி.

"எதுக்கு? நீ பொய்யொண்ணும் சொல்லல்லல்லோ. நான் செஞ்சதாக்கும் தெற்று. அந்த அப்பச்சன் செத்திருந்தா நான் எப்படி உறங்குவேன்?"

"பின்ன என் முகத்தப் பாரு."

தாசம்மாள் பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் பொன்செல்விக்குத் தாங்கவில்லை.

"நீ செஞ்சது சரிதான். முன்ன ஆயிருந்தா நீ இதச் செய்ய மாட்ட. அதயும் நான் தெற்றுன்னு சொல்லல்ல. நீ இப்ப சிஸ்டரு. எனக்கு அது பழகணும், அவ்வளவுதான்." கம்பை மறுபடி தொட்டிக்குள் விட்டாள். "தள்ளி நில்லு. வெள்ள உடுப்பில தெறிக்கும்."

பொன்செல்வி தள்ளி நின்றாள். பிறகு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள். ஊர்க் கிழங்கு ஒருமுறை பொதியில் கட்டி நர்ஸ் மேஜைக்கு வந்தது. யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தாள். பொன்செல்வி அதை ஹாஸ்டல் அறையில் ஒற்றைக்கு உட்கார்ந்து தின்றாள். நல்ல கிழங்குதான், பாதிக்கு மேல் இறங்கவில்லை.

மறு வருஷம் பொன்செல்வி ஐ.சி.யூ.வுக்கு மாறினாள். அங்கே நோயாளிகள் பேசுவதில்லை. மெஷின்கள்தான் பேசும். வேலையில் அவளுக்கு நல்ல பெயர் வந்தது. புது டாக்டர்கள் அவள் டூட்டியில் இருக்கிறாளா என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

தாசம்மாள் வேலையை விட்டுக் குவைத்துக்குப் போகிறாள் என்று லேப் அட்டெண்டர் பேச்சிமுத்து சொல்லித்தான் தெரியும். ஒரு வீட்டில் படுக்கையில் கிடக்கும் பெரியம்மா ஒருத்தியைப் பார்த்துக்கொள்கிற வேலையாம். புறப்படுகிற நாளும் அவன்தான் சொன்னான். அன்று காலை டூட்டி முடிந்ததும் பொன்செல்வி உடுப்பை மாற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் பஸ் ஏறினாள். போய் என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

வெளியே கூட்டத்துக்கு நடுவில், கயிறு போட்டுக் கட்டிய பெட்டியின் மேல் தாசம்மாள் உட்கார்ந்திருந்தாள். புதுச் சுடிதார் தோளில் நிற்காமல் சரிந்தது. கூட அவள் அண்ணன் திரவியம். பொன்செல்வியைக் கண்டதும் தாசம்மாள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு, நீ வந்தது. எனக்குப் பயமாட்டு இருக்கு. அந்தப் பெரியம்மைக்கு ஷுகராம். ஊசி போடணும்னு நேத்துத்தான் ஏஜென்ட் சொல்லுதான். தெரியும்னு சொல்லிப்போட்டேன். நான் எங்க போட்டேன்? நீங்க போடும்போ தட்டைப் பிடிச்சிட்டு நின்னேன், அவ்வளவுதானே."

பொன்செல்வி சுற்றிப் பார்த்தாள். டிராலி வைக்கும் கம்பிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே அவளை இழுத்துக்கொண்டு போய், ஊசிக்குப் பதிலாகக் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். தாசம்மாளின் சுடிதார்க் கையை மேலே சுருட்டினாள். முன்கையெல்லாம் வெந்நீர் பட்ட பழைய தழும்புகள்.

"இங்க, மேல்கைல. இல்லாட்டா வயித்துல, தொப்புளவிட்டுத் தள்ளி. தோலை இப்படி ரெண்டு விரலால தூக்கிப் பிடி. சதை வரக் கூடாது, தோலும் கொழுப்பும் மட்டும். நேரா உள்ள விடு. மருந்த மெதுவாத் தள்ளு. தள்ளி முடிச்சதும் உடனே உருவாத. தினம் ஒரே இடத்துல போடாத."

"இப்படியா?"

"அமுக்கிப் பிடிக்காத. ஆமா, இப்படி. முதல்ல அவங்க சாப்பாடு தயாரா இருக்கான்னு பாரு. சாப்பாடு இல்லன்னா ஊசி கெடையாது. வேர்த்துக் கொட்டி நடுங்கினா சர்க்கரைத் தண்ணி குடு."

"வாயில தண்ணி குடுக்கலாமா?" என்று கேட்டாள் தாசம்மாள். கேட்டுவிட்டு நிறுத்தினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நினைவு இருந்தா குடுக்கலாம். நினைவு இல்லன்னா குடுக்காத, ஆளக் கூப்பிடு" என்றாள் பொன்செல்வி, நர்ஸ் மாதிரியே.

தாசம்மாள் தலையாட்டினாள். பேனாவை வாங்கி, பொன்செல்வியின் கையில் தோலைத் தூக்கி, மறுபடி மறுபடி செய்து பார்த்தாள். அவள் விரல்கள் சொரசொரவென்று இருந்தன. திரவியம் நேரமாகிறது என்று கூப்பிட்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் பாஸ்போர்ட்டை நீட்டினாள் தாசம்மாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வரிசையில் அவளுடைய தலை கொஞ்ச நேரம் தெரிந்தது. ஏதோ பேப்பரை யாரோ கேட்க, குனிந்து பையைத் துழாவினாள். பிறகு தெரியவில்லை.

"அவ உன்னப் பத்திச் சொல்லியிருக்கா" என்றான் திரவியம்.

"என்ன சொன்னா?"

"கூட இருந்த பிள்ளைன்னு."

அவன் பாறசாலை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான்.

மறுநாள் காலை ஷிஃப்ட். மூன்றாம் கட்டில் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தபோது, கூட நின்ற புது நர்ஸிடம், தாசம்மாள் குவைத்துக்குப் போய்விட்டாள் என்று பொன்செல்வி மலையாளத்தில் சொன்னாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"எந்தத் தாசம்மா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இங்கே வேலை பார்த்தவள். என்கூட."

"ஓ" என்றாள் அவள். தலையணையைச் சரிசெய்தாள். டிரிப் முடியப்போகிறது என்று மெஷின் கூவத் தொடங்கியது. பொன்செல்வி போய் அதை நிறுத்திவிட்டு, புதுப் பாட்டிலை எடுக்க அலமாரியைத் திறந்தாள்.